ஆறு கோடுகள்

செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் தேய்ந்த பழைய ஸ்கிராம்ளர், அப்பாவுடையது. பின் ஸ்ப்ராக்கெட்டின் ஆறு நட்டுகளையும் ஒருநாள் நான்தான் முடுக்கினேன். பழைய கிரீஸைத் துடைக்கவில்லை. மறுவாரம் இரண்டு கழன்று, செயின் சிக்கி, அப்பா விழுந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்தது.

அவர் திட்டவில்லை. கட்டுப்போட்ட கையோடு பக்கத்தில் குந்தினார்.

“மரையெல்லாம் பெட்ரோல்ல கழுவு. நல்லா காயட்டும். லாக் பண்ற நீலப் பசை ஒரு சொட்டு விடு. போல்ட்ட சுத்தாத, அதப் பிடிச்சிக்கிட்டு நட்ட முடுக்கு. எதிரெதிரா, கொஞ்சங் கொஞ்சமா. கடைசியா நட்டுலேருந்து ஸ்ப்ராக்கெட் வரைக்கும் பெயின்ட்ல ஒரு கோடு போடு. நட்டு அசைஞ்சா கோடு காட்டிக்கொடுத்துடும்.”

இப்போது ஓட்டுவது நான். வீடு திரும்பியதும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் குந்திப் பார்ப்பேன்.

“நவுந்திருக்கா?” வாசலிலிருந்து அப்பா கேட்பார்.

“இல்லப்பா.”

பிறகுதான் உள்ளே போவார்.