ஏழு கடலும் ஏழு மலையும்

பாட்டி சொன்ன கதைகளில் ராட்சசனின் உயிர் எங்கே இருக்கும் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்குமே! ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு கிளியின் வயிற்றுக்குள்ளே! அத்தனை தூரத்தில் மனிதர் யார் வரப் போகிறார்கள் என்ற தைரியம்தான் ராட்சசனுக்கு. ஆனால் நேயர்களே, அங்கேயும் மனிதர்கள் குடித்தனம் நடத்துகிறார்கள். அடுப்பு மூட்டுகிறார்கள், குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். மலைகளுக்கு நடுவே ஓரிடம், கடல்களுக்கு நடுவே ஓரிடம் என்று இரண்டையும் இப்போது பார்த்துவிட்டு வருவோம், வாருங்கள். பிரயாணச் செலவு கிடையாது. கம்பளிச் சட்டையை மட்டும் மறக்க வேண்டாம்!

முதலில் மலை. சுவிட்சர்லாந்து என்றதும் கைக்கடிகாரமும் சாக்லேட்டும் நினைவுக்கு வரும். அந்த நாட்டின் தெற்கே வாலே என்று ஒரு மாகாணம். ஆல்ப்ஸ் மலையின் மிக உயர்ந்த சிகரங்களில் பல அங்கேதான் இருக்கின்றன. அந்த மாகாணத்தில், சுமார் 5,000 அடி உயரத்தில், மலைச்சரிவைப் பற்றிக் கொண்டு நிற்கிறது டோர்பெல் என்ற கிராமம்.

இங்கே குடும்பத்துக்குப் பெரிய சொத்து, பரம்பரையாகப் பசு மாடுதான். கோடையில் மாடுகளை மேலே உள்ள பொதுப் புல்வெளிக்கு ஓட்டிப் போவார்கள். அந்த நாட்களில் வீட்டில் இருப்பவர்கள், ஆணும் பெண்ணுமாகக் கீழே புல் அறுத்து, வெயிலில் காயவைத்துக் கொட்டகையில் சேர்ப்பார்கள். பனிக்காலம் முழுவதும் மாட்டுக்கு அதுதான் தீனி. நாம் கோடையில் வற்றலும் வடகமும் போட்டு வைக்கிறோமே, அந்த மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆனால் வற்றல் தீர்ந்து போனால் நமக்குக் குழம்பின் ருசிதான் குறையும். காய்ந்த புல் தீர்ந்து போனால் அவர்களுக்கு மாடே போய்விடும்!

சரி, புல்வெளி பொது என்றால் வசதி உள்ளவன் கூடுதலாக நாலு மாட்டை ஓட்டிவிட மாட்டானா? ஓட்டத்தான் செய்வான். அதனால்தான் 1517-லேயே டோர்பெல் ஜனங்கள் ஒரு விதி எழுதி வைத்தார்கள். பனிக்காலத்தில் ஒருவன் தன் தீனியைப் போட்டு எத்தனை மாடுகளைக் காப்பாற்றுவானோ, அத்தனை மாடுகளைத்தான் கோடையில் பொதுப் புல்வெளிக்கு அனுப்பலாம். ஒரு மாடு கூடக் கூடாது! பொதுச் சொத்தை ஜனங்கள் தாங்களே கட்டிக் காக்க முடியும் என்பதற்கு இந்தச் சின்னக் கிராமத்தை ஓர் உதாரணமாக எடுத்துக் காட்டினார் எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அறிஞர். 2009-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவர்தான்.

பங்கு பிரிப்பதில் இவ்வளவு நியாயம் பார்த்த மலை நாடு, ஓட்டுச்சீட்டு விஷயத்தில் மட்டும் பெண்களை வெகு காலம் வாசலிலேயே நிறுத்தி வைத்தது. இதே வாலே மாகாணத்தில் உன்டர்பேஷ் என்று ஒரு குக்கிராமம். 1957 மார்ச் மாதம் அந்த ஊர்ப் பெண்கள் 33 பேர் துணிந்து போய் வாக்களித்தார்கள். முதலில் சீட்டுப் போட்டவர் ஊர்த் தலைவரின் மனைவி காதரினா சென்ஹாய்சர்ன். பெண்களின் சீட்டுகளுக்குத் தனிப் பெட்டி வைத்திருந்தார்கள்; அவை செல்லாது என்றும் சொல்லிவிட்டார்கள். நாடு முழுவதற்குமான தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1971-ல்தான்.

இனி கடலுக்குப் போவோம். தென் அட்லாண்டிக் சமுத்திரத்தின் நட்டநடுவே டிரிஸ்டன் டா குன்ஹா என்ற தீவு இருக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த பிரதேசம். தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுன் துறைமுகம் அங்கிருந்து சுமார் 1,700 மைல். விமான நிலையம் கிடையாது. கப்பலில் ஏறினால் ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். போய்ச் சேர்ந்தாலும் கடல் கொந்தளித்தால் கரையிறங்க முடியாது; தீவைக் கண்ணால் பார்த்துக் கொண்டு கப்பலிலேயே காத்திருக்க வேண்டியதுதான். மொத்த ஜனத்தொகை 250-க்கும் குறைவு. இருக்கும் ஒரே ஊரின் பெயர் என்ன தெரியுமா? 'ஏழு கடல்களின் எடின்பரோ'!

இந்த ஊர் உண்டான கதை வேடிக்கையானது. நெப்போலியனை செயிண்ட் ஹெலினா தீவில் சிறை வைத்திருந்த சமயம். அவரை யாரும் இந்தப் பக்கமாக வந்து மீட்டுப் போய்விடக் கூடாதே என்று ஆங்கிலேயர் 1816-ல் இங்கே ஒரு படையை நிறுத்தினார்கள். மறு வருஷமே படை திரும்பியது. வில்லியம் கிளாஸ் என்ற ஸ்காட்லாந்துச் சிப்பாய் மட்டும் மனைவி மக்களோடும் இரண்டு கூட்டாளிகளோடும் தங்கிவிட்டார். அவர்கள் 1817-ல் எழுதிக் கொண்ட உடன்படிக்கை இதுதான்: சொத்து எல்லோருக்கும் சமம், லாபம் சமம், ஒருவருக்கு மேல் ஒருவர் கிடையாது. பிற்பாடு கல்யாணமாகாத ஆண்கள் சிலர் வந்து சேர, 1827-ல் செயிண்ட் ஹெலினாவிலிருந்து ஐந்து பெண்கள் கப்பலேறி வந்து அங்கே குடித்தனம் தொடங்கினார்கள். முகம் தெரியாத மாப்பிள்ளை, திரும்பிப் போக வழியில்லாத புக்ககம்! அந்த ஐந்து பேரின் மனத்துணிவு இல்லையென்றால் அந்த ஊரே இல்லை.

இன்றைக்கும் அங்கே நிலம் பொதுதான். வெளியார் வாங்க முடியாது. மேய்ச்சல் கெடாமலும், ஒரு வீடு மட்டும் கொழுத்துப் போகாமலும் இருக்க, கால்நடைகளுக்குக் கணக்கு உண்டு. டோர்பெல்லின் பெயரைக்கூடக் கேட்டிராத ஜனங்கள், டோர்பெல்லின் விதியைத்தான் தாங்களாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள்! குடும்பத்துக்கு ஓர் உருளைக்கிழங்குத் தோட்டம், காற்றைத் தடுக்கச் சுற்றிலும் கல் சுவர். பணம் புழங்காத காலத்தில் கிழங்கே காசு. 1946-ல் மாதிரிக்காக அச்சிட்ட தபால் தலை ஒன்றில் ஒரு பென்னி என்றும், நான்கு உருளைக்கிழங்கு என்றும் விலை போட்டிருந்தது. பெண்கள் தங்கள் ஆட்டு ரோமத்தை நூற்றுக் காலுறை பின்னுவார்கள். அதில் வண்ணக் கோடுகள் கூடக் கூட, பின்னியவளுக்கு அன்பும் அதிகம் என்று அர்த்தமாம்.

இரண்டு ஊர்களுக்கும் இவ்வளவு ஒற்றுமை என்றால் வேற்றுமை என்ன? மலைக்கு அண்டை அயல் உண்டு, தீவுக்குக் கிடையாது. ஆபத்து வந்தபோதுதான் அது விளங்கிற்று.

1961 அக்டோபரில் டிரிஸ்டன் ஊருக்குப் பக்கத்திலேயே நிலம் வெடித்து எரிமலை கக்கியது. மொத்த ஜனங்களும் படகேறினார்கள். கேப் டவுன் வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். அங்கே வேலை கிடைத்தது. சினிமா, டெலிவிஷன், கடை கண்ணி எல்லாம் இருந்தன. புதிய சீதோஷ்ணமும் நோயும் சில முதியவர்களைக் கொண்டு போய்விட்டன. இனி இவர்கள் எங்கே திரும்பப் போகிறார்கள் என்றுதான் பலரும் எண்ணினார்கள். 1962 டிசம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. திரும்பிப் போக வேண்டும் என்றவர்கள் 148 பேர். வேண்டாம் என்றவர்கள் 5 பேர்! 1963-ல் பெரும்பாலோர் தங்கள் தீவுக்குத் திரும்பினார்கள்.

மலைக்கும் அந்தச் சோதனை வந்தது. வாலே மாகாணத்தில் லோட்ஷன் பள்ளத்தாக்கில் பிளாட்டன் என்ற கிராமம் இருந்தது. 2025 மே மாதம் மேலேயுள்ள பாறையும் பனியும் அசைவதைக் கண்டு சுமார் 300 பேரை வெளியேற்றினார்கள். மாடுகளையும் விட்டுவிடவில்லை; ஒரு பசுவை ஹெலிகாப்டரில் தூக்கிக் கொண்டு போனார்கள்! மே 28-ம் தேதி பனிப்பாறை சரிந்து கிராமத்தின் பெரும்பகுதியைப் புதைத்தது. மிச்சத்தை ஆற்று வெள்ளம் மூழ்கடித்தது. ஒருவர் உயிரிழந்தார். எச்சரிக்க நிபுணர்கள், அடைக்கலம் தரப் பக்கத்து ஊர்கள், உதவ ஓர் அரசாங்கம் என்று எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால்தான் சேதம் உயிர்களில் அந்த அளவோடு நின்றது. பிளாட்டன் ஜனங்களும் 'இனி வேண்டாம் இந்த மலை' என்று சொல்லவில்லை. ஊரை மறுபடியும் கட்டத் திட்டம் போட்டார்கள்.

"பைத்தியக்காரத்தனம்! சௌகரியமான ஊரில் இருந்துவிட்டுப் போகக் கூடாதா?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். இருந்திருக்கலாம். ஆனால் அங்கே அவர்கள் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். இங்கேயோ புல்வெளியில் ஒரு பங்கு, கிழங்குத் தோட்டத்தில் ஒரு பங்கு, பக்கத்து வீட்டுக் கஷ்டத்தில் ஒரு பங்கு. வீடு இடிந்தால் வேறு வீடு கட்டிக் கொள்ளலாம். பங்கை எந்தக் கடையில் வாங்குவது?