பெட்டியில் இல்லாத காகிதம்

விடிவதற்கு வெகுநேரம் முன்பே மாரிகுப்பம் ரயில் நிலையம் விழித்துக்கொள்கிறது. கையில் டிபன் பாக்ஸ், தோளில் பை, தலையில் குல்லாய். பெங்களூருக்குப் போகும் ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தால் இன்னும் இரண்டு மணி நேரம் தூங்கலாம். கட்டட வேலை, செக்யூரிட்டி வேலை, கடை, ஆஸ்பத்திரி, கம்ப்யூட்டர் கம்பெனி என்று ஆளுக்கொரு திசை. இரவு திரும்பும்போது வீட்டில் குழந்தைகள் தூங்கிப் போயிருப்பார்கள். 1894-இல் இந்தப் பாதை போடப்பட்டது, சுரங்கத்துக்கு ஆளும் இயந்திரமும் கொண்டுவருவதற்காக. இப்போது அதே பாதை ஆட்களை வெளியே கொண்டுபோகிறது.

மகனை ரயிலேற்றிவிட்டு லைனுக்குத் திரும்பும் அந்த முதியவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இருபத்தேழு வருடம் பூமிக்கடியில் வேலை பார்த்தவர். மேட்டில் நின்று நின்றுதான் ஏற முடிகிறது. சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீடு. பக்கத்து வீட்டில் இருமினால் இங்கே கேட்கும். கட்டிலுக்கடியில் ஒரு டிரங்குப் பெட்டி. அதில் சம்பளச் சீட்டுகள், பி.எஃப். காகிதங்கள், குவார்ட்டர்ஸ் ஒதுக்கிய உத்தரவு, ரேஷன் கார்டு, கோர்ட் தீர்ப்புகள் வந்த நாட்களின் பத்திரிகைக் கத்தரிப்புகள். எல்லாம் இருக்கிறது, பட்டாவைத் தவிர. வீட்டுக்கு நம்பர் உண்டு, வாக்காளர் பட்டியலில் அந்த நம்பர் உண்டு. நிலம் மட்டும் கம்பெனியுடையது.

அந்தக் கம்பெனியும் பல கை மாறியது. 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் கோலார் தங்கவயலுக்குள் கால் வைத்தது. வடாற்காடு, சேலம் பக்கத்திலிருந்து வந்த தாழ்த்தப்பட்ட மக்கள்தான் பெரும்பாலும் இறங்கித் தோண்டினார்கள். சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. 1956-இல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது. 1962-இல் மத்திய அரசிடம் போனது. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஆனது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு மூடப்பட்டது. சுமார் 800 டன் தங்கம் வெளியே போயிருக்கிறது என்பது கணக்கு. ஒவ்வொரு கைமாற்றத்திலும் நிலமும், இயந்திரமும், லைன் வீடுகளும் சொத்துப் பட்டியலில் இடம்பெற்றன. உள்ளே குடியிருந்தவர்களின் சம்மதம் எந்தக் கைமாற்றத்துக்கும் தேவைப்படவில்லை.

வந்தேறிகள்தானே என்று சொல்பவர்கள் உண்டு. காவிரித் தகராறு சூடு பிடிக்கும்போதெல்லாம் இந்தப் பேச்சு சற்று உரக்கக் கேட்கும். ஆனால் ஒரு பழைய குறிப்பு இருக்கிறது. திப்பு வீழ்ந்த பிறகு மைசூரின் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன் 1802-இல் இந்தப் பக்கம் தங்கம் தேடினார். மாரிகுப்பம் அருகே பறையர்கள் குழி தோண்டிக் கல் எடுத்துக்கொண்டிருந்ததைக் கண்டு எழுதி வைத்தார். டெய்லர் கம்பெனி வருவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்னால்! அன்று தோண்டியவர்களின் வாரிசுகள்தான் இன்று லைனில் இருப்பவர்கள் என்று நிரூபிக்க முடியாது. மண்ணுக்கும் அந்த மக்களுக்கும் இருந்த தொடர்பு லண்டனிலிருந்து வந்ததல்ல என்பது மட்டும் நிச்சயம்.

பூர்வகுடி என்ற சொல்லும் மாரிகுப்பத்துக்குப் புதிதில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு வலுவான கிளை இருந்தது இங்கேதான். தாழ்த்தப்பட்டோர் இந்நாட்டின் பூர்வகுடிகள் என்று அவருடைய 'தமிழன்' வாதாடியது. அவர் 1914-இல் மறைந்த பிறகு, 1926 முதல் அந்தப் பத்திரிகை தங்கவயலிலிருந்தே அப்பாதுரையார் கையில் மீண்டும் வெளிவந்தது. ஷிப்ட் முடிந்து மேலே வந்தவர்கள் அதை வாசிக்கக் கேட்டார்கள். நாட்டுக்கே நாம் ஆதி என்று படித்தவர்கள், படுத்துத் தூங்கியது கம்பெனி நிலத்தில்.

சுரங்கம் மூடியபின் வழக்குகள் நடந்தன. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், சுரங்கத்துக்கு உலகளாவிய டெண்டர் விடலாம் என்று வழி திறந்தது. அந்தக் கத்தரிப்பும் பெட்டியில் இருக்கிறது. அதே ஆண்டு ஏப்ரல் 18-ஆம் தேதி அதே நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு வழங்கியிருந்தது. ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் எடுக்கலாமா என்பதை அங்குள்ள கிராம சபைகள் முடிவு செய்யட்டும் என்றது அது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. டோங்கிரியா கோந்த் மக்கள் பன்னிரண்டிலும் முடியாது என்றார்கள். மலை தப்பியது.

நீதிமன்றத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. நியமகிரி மக்கள் பழங்குடிகள். அவர்களுக்கு அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணை உண்டு, 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் உண்டு. கர்நாடகத்தில் ஐந்தாவது அட்டவணைப் பகுதியே கிடையாது. தங்கவயல் மக்கள் பழங்குடிகளுமல்ல. ஆனால் அந்த வன உரிமைச் சட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. பழங்குடி அல்லாதவரும் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், காட்டில் வாழ்ந்து காட்டையே நம்பியிருந்தால் உரிமை கோரலாம். காட்டுக்கு எழுபத்தைந்து வருடம் போதும். சுரங்கத்துக்கு எத்தனை வருடம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தாழ்த்தப்பட்டோருக்குத் தொகுதி ஒதுக்கிய அரசியல் சட்டம், அவர்கள் நிற்கும் தரையைப் பற்றி மௌனமாக இருக்கிறது. 1978-இல் 44-ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் வரிசையிலிருந்து எடுத்தபோது நாடு முழுக்க விவாதம் நடந்தது. சொத்தே இல்லாத லைனில் அதைப் பற்றிக் கவலைப்பட என்ன இருந்தது?

மக்களைக் கேட்டுவிட்டால் மட்டும் நியாயம் கிடைத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. கோலாரில் முதலில் சுரங்க உரிமை வாங்கியவர் லவெல் என்ற அயர்லாந்துக்காரர். நியூசிலாந்தில் மாவோரிகளோடு நடந்த போரில் இருந்துவிட்டு பெங்களூர் வந்த சிப்பாய். அந்த மாவோரிகளிடமாவது 1840-இல் கையெழுத்தான ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. அதன் பொருளைச் சட்டத்தால் மாற்ற முயன்றபோது, 2024 நவம்பரில் பல்லாயிரம் பேர் தலைநகருக்கு ஊர்வலம் போனார்கள். 2025 ஏப்ரலில் அந்த மசோதா தோற்றது. பக்கத்து ஆஸ்திரேலியாவில் 2023 அக்டோபரில் பூர்வகுடிகளின் குரலுக்கு அரசியல் சட்டத்தில் இடம் தரலாமா என்று நாடு முழுவதையும் கேட்டார்கள். நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றார்கள். நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லாத மக்களின் விஷயம் அது. மாரிகுப்பத்தில் அந்தத் தோல்விக்கும் வழியில்லை, கேள்வியே எழவில்லையே.

இத்தனைக்குப் பிறகும் அந்த முதியவருக்கு அரசியல் சட்டத்தின் மேல் உள்ள பக்தி குறையவில்லை. அம்பேத்கர் 1954-இல் தங்கவயலுக்கு வந்துபோன கதையை அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவர். 2024 மக்களவைத் தேர்தலின்போது அரசியல் சட்டத்தை மாற்றப் போகிறார்கள் என்ற பேச்சு நாடெங்கும் அடிபட்டது. அன்று வீட்டில் அவர் கொதித்துப் போனார்.

"அந்தப் புஸ்தகத்துல எவனும் கை வெக்கக் கூடாதுடா. நம்ம ஆளு எழுதினது."

ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த மகன் கேட்டான்: "சரி நைனா, அதுல நம்ம வூடு கீதா?"

பதில் வரவில்லை. மகனும் வற்புறுத்தவில்லை; அவனும் அந்தப் புத்தகத்துக்கு எதிரி இல்லை. அப்பாவுக்கு அது கோயில், மகனுக்கு அது ஒரு விண்ணப்பப் படிவம். தன் பெயரை எங்கே எழுதுவது என்று தேடுகிறான்.

அதே 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. நூறு வருடத்துக்கும் மேலாக அரைத்துக் கொட்டிய சயனைடு மண் குன்றுகள் ஊரைச் சுற்றி நிற்கின்றன. மத்திய அரசின் யோசனைப்படி அவற்றில் 13 குன்றுகளைத் தோண்டி, மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க ஒப்புதல். பரப்பு 1,003.4 ஏக்கர். காற்றடித்தால் அந்த மண்தான் வீட்டுக்குள் வந்து பானையிலும் பாயிலும் படியும். துணியை நனைத்து ஜன்னலில் தொங்கவிடுவது இங்குள்ள பெண்களுக்குப் பழகிப்போன வேலை.

செய்தி வந்த பத்திரிகையை மகன் ரயிலிலிருந்து கொண்டுவந்து கொடுத்தான். முதியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். கத்தரித்து மடித்தார். அடுப்படியிலிருந்து மனைவி கேட்டார்.

"இன்னா போட்டுக்கீறான்? வூட்டப் பத்தி எதுனா கீதா?"

"வூடு இல்ல. மண்ணப் பத்திதான்" என்றபடி அவர் பெட்டியை இழுத்துத் திறந்தார்.