கியரில்லாத சைக்கிளில் உப்பளம் வரை

விடிந்தும் விடியாத நேரத்தில் சிறுசேரி சிப்காட் சாலையில் ஹெல்மெட்டும் கியர் சைக்கிளுமாக ஆட்கள் பறந்துகொண்டிருந்தார்கள். என்னுடையது கறுப்புச் சைக்கிள்: 28 அங்குலச் சக்கரம், ராடு பிரேக், பின்னால் கேரியர். தார்ச்சாலையை அவர்களுக்கே விட்டுவிட்டுப் புதுப்பாக்கம் பக்கம் மண்பாதையில் இறங்கினேன்.

"இந்த வண்டியிலா?" என்று சிரிப்பவர்கள் உண்டு. மலைச் சைக்கிள் என்ற வகையே பழைய வண்டிகளிலிருந்து பிறந்ததுதான். 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதி இளைஞர்கள், தடித்த டயர் போட்ட பழைய ஷ்வின் சைக்கிள்களில் மலைச்சரிவில் இறங்கிப் பந்தயம் விட்டார்கள். பின்சக்கர பிரேக் சூடேறி கிரீஸ் எரிந்துவிடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த சுற்று. மலைக்கென்றே தனி ஃபிரேம் வந்தது 1977 வாக்கில்தான்.

நம் கறுப்புச் சைக்கிளும் மோசமான சாலைக்கென்றே பிறந்தது. ஹேண்டில் தண்டு நன்றாகச் சாய்ந்திருப்பதால் முன்சக்கரம் தள்ளி நிற்கும். பள்ளத்தில் இறங்கினாலும் தலைகுப்புறத் தள்ளாது. குறை பிரேக்கில்தான். ரிம் நனைந்தால் கட்டை வழுக்கும். நிற்க வேண்டிய இடத்துக்கு வெகுமுன்பே பிடித்தாக வேண்டும். மணலில் டயர் புதைந்தால் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டால் போதும், அகலமாகப் பதிந்து ஓடும். மேட்டில் மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளுவதில் வெட்கமே இல்லை.

வழியெங்கும் சீமைக்கருவேல முள். பஞ்சர் கடைப் பெரியவர் ஒட்டுப் போட்டுவிட்டு, "ட்யூபைப் போடறதுக்கு முன்னாடி டயரு உள்ள கைய விட்டுத் தடவிப் பாரு தம்பி. முள்ளு அங்கயே இருந்தா மறுபடியும் குத்தும்" என்றார். தடவினேன், இருந்தது.

கேளம்பாக்கம் தாண்டிக் கோவளம் சாலையில் திரும்பினால் காயலும் உப்பளங்களும் விரிகின்றன. குளிர்காலத்தில் பூநாரைகள் இறங்கும் தண்ணீர் இது. களிமண் ஈரமாக இருந்தால் மட்கார்டுக்குள் அப்பிச் சக்கரம் சுற்றாது. குச்சியால் நோண்டி எடுக்க வேண்டியதுதான்.

வீட்டில் தூசு படிந்து நிற்கும் சைக்கிளே இந்த வழிக்குப் போதும். பம்ப்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும் கையோடு இருக்கட்டும். அடைமழை ஓய்ந்த பிறகு, ஜனவரி பிறந்ததும் கிளம்புங்கள். ஒன்று மட்டும்: உப்புப் பாத்தியின் வரப்பில் சக்கரத்தை ஏற்றாதீர்கள். நமக்கு அது விளையாட்டு. உப்பு வாருகிறவர்களுக்கு அது பிழைப்பு.