கறுப்புத் தட்டும் கரிசல் காடும்

கோவில்பட்டி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தீப்பெட்டி, ஹாக்கி, கடலைமிட்டாய். மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். ஆனால், நான் மதுரையில் பஸ் ஏறியது மிட்டாய்க்காக அல்ல, ஒரு நாதஸ்வரத்துக்காக!

தூண்டிவிட்டவர் எங்கள் ஆபீஸ் நண்பர். 'பிங்க் ஃப்ளாய்ட்' கோஷ்டியின் 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்' 1973-ல் வந்த ஆல்பம். ஐம்பது வருஷம் ஆனதைக் கொண்டாட 2023-ல் அதை மறுபடி எல்.பி. இசைத்தட்டாகவே வெளியிட்டார்கள். மனுஷர் அதை வாங்கிவந்து (வீட்டில் சொன்ன விலை வேறு!) எங்களுக்குப் போட்டுக் காட்டினார். அதில் ஓரிடத்தில் கிளேர் டோரி என்ற பெண், வார்த்தையே இல்லாமல் வெறும் குரலாலேயே உருகுகிறார். "அட, இது நம்ம ஆலாபனைய்யா!" என்றேன். நண்பர் முறைத்தார்.

சாத்தூர் தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் கரிசல். மழை பெய்தால் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். உழுது போட்ட காட்டை பஸ் ஜன்னல் வழியே பார்த்தால், சால் சாலாக இசைத்தட்டேதான்! அதில் ஓடுவது ஏர். இதில் ஓடுவது ஊசி.

காருகுறிச்சி அருணாசலம் பிறந்தது தாமிரபரணிப் பக்கம். குரு, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. பிற்பாடு குடியேறியது கோவில்பட்டியில். நினைவிடமும் இங்கேதான். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் ஜெமினி கணேசன் வாயில் நாதஸ்வரம், ஊதியது இவர். ஜானகியின் குரலோடு போட்டி போட்ட அந்த 'சிங்கார வேலனே தேவா'வை இன்றைக்கும் கேட்காத காது உண்டா? 1964-ல் போய்விட்டார். ஐம்பது வயதைக்கூடத் தொடவில்லை.

டீக்கடையில் வழி கேட்டேன். பெஞ்சில் இருந்த பெரியவர், "சிங்கார வேலனேக்காக வந்தீயளா? ரெக்கார்டுல கேட்டா பாதிதான் தம்பி. ராத்திரி தெருவுல நின்னு கேக்கணும்" என்றார்.

"நீங்க கேட்டிருக்கீங்களா அண்ணாச்சி?"

"அப்ப நான் சின்னப் பய. அப்பா தோள்ல உக்காந்து கேட்டேன். தூங்கிட்டேன். முழிச்சப்பவும் அதே ராகந்தான் ஓடுது!"

அவர் சொன்னதில் கணக்கு இருக்கிறது. அந்தக் கால 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம், கொஞ்சம் முன்னே பின்னே. ராத்திரி முழுக்க விரியும் ராகத்தை அதற்குள் மடிக்க வேண்டும். யானையை டிபன் பாக்ஸில் அடைப்பது மாதிரி. 1948-ல் அமெரிக்காவில் எல்.பி. வந்த பிறகுதான் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் கிடைத்தது. வெள்ளைக்காரப் பையன்கள் நீள நீளமாகப் பாட்டுக் கட்டியதும் அந்த இடம் கிடைத்ததால்தான். நம்ம வித்வான்களுக்கு நீளம் பரம்பரைச் சொத்து. தட்டில்தான் இடம் இல்லை.

பக்கத்து இடைசெவல்காரர் கி.ராஜநாராயணன் விளாத்திகுளம் சுவாமிகளிடம் சங்கீதம் கற்றவர். சுவாமிகள் ஒரே ராகத்தை மணிக்கணக்கில் பாடுவாராம். எனக்குக் கிடைத்தது அந்த 'பாடுவாராம்' மட்டும்தான். காருகுறிச்சி விஷயத்தில் மூணு நிமிஷமாவது மிச்சம். ராகம் காற்றோடு போகும். சாலில் விழுந்தது மட்டும்தான் முளைக்கும்.

ஐம்பது வருஷ ஆல்பத்தைப் புதுசாக அச்சடித்துக் கொண்டாடுகிறது உலகம். காருகுறிச்சியையும் யாராவது பளபளவென்று கறுப்புத் தட்டில் போட்டால், முதல் காப்பி எனக்கு. உறைக்குள் ஒரு பாக்கெட் கடலைமிட்டாயும் வைத்தால், விலையைப் பற்றிப் பேசவே மாட்டேன்!