ஹேப்பி போட்ட சம்பளக் கணக்கு

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்க ஆரம்பித்த பிறகு, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வாடகை அறைகள் பெருகிவிட்டன. அப்படி ஒரகடத்தில் ஓர் அறை. ஐந்து பேர், எல்லாருமே கான்ட்ராக்ட் வேலை. அதில் ஒருவர் தபால் வழியில் பி.சி.ஏ. படிக்கிறார். ஷிப்ட் இல்லாத நேரத்தில் ஹாஸ்கெல் மொழியோடு மல்லுக்கட்டுவார். அறையில் அவர் பெயரே 'வாத்தியார்'தான்.

மாசம் பிறந்தால் எல்லாருக்கும் ஒரே தலைவலி, ஓ.டி. கணக்கு. ஓ.டி.க்கு இரட்டைக் கூலி என்பது 1948 தொழிற்சாலைச் சட்டம் தந்த உரிமை. அதனால் ஓ.டி. மணியை இரண்டால் பெருக்கிக் கூட்டணும், லீவைக் கழிக்கணும். வரியாக டைப் அடித்தால் விடை சொல்கிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதுகிறேன் என்று இறங்கினார் வாத்தியார்.

அதற்கு எடுத்த கருவி ஹேப்பி. ஆண்டி கில்லும் சைமன் மார்லோவும் செய்தது. 1970-களில் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் எழுதிய யாக்குக்கு இது தம்பி முறை. இலக்கண விதிகளை ஒரு ஃபைலில் எழுதிக் கொடுத்தால், வரியைப் பிரித்துப் படிக்கும் ஹாஸ்கெல் புரோகிராமை அதுவே எழுதித் தந்துவிடும். ஹாஸ்கெலின் முக்கிய கம்பைலரான ஜிஹெச்சியே இதைத்தான் நம்பியிருக்கிறது.

'கபால் இன்ஸ்டால் ஹேப்பி' என்று அடித்தார். முடிந்தது என்றது. ஹேப்பியைக் கூப்பிட்டால், அப்படி ஒரு கட்டளையே இல்லையாம்! கபால் கொண்டுபோய் வைத்த ஃபோல்டர் பாத்தில் இல்லை. சேர்த்ததும் வழிக்கு வந்தது.

கூட்டல், கழித்தல், பெருக்கலுக்கு விதி எழுதி ஓட்டினார். 'ஷிஃப்ட்/ரெட்யூஸ் கான்ஃப்ளிக்ட்ஸ்: 9' என்று ஒரு வரி வந்தது. எர்ரர் இல்லையே என்று விட்டுவிட்டார். 208+20*2 போட்டால் 248. சரிதானே?

அந்த மாசம் ஒரு தம்பி இரண்டு நாள் லீவு. 208+20*2-8-8 என்று அடித்தான். விடை 248. சம்பள ஸ்லிப்பிலோ 232. "பதினாறு மணி நேரக் கூலியை அமுக்கிட்டாங்கண்ணா!" என்று கான்ட்ராக்டரிடம் சண்டைக்குக் கிளம்பிவிட்டான்.

வாத்தியார் காகிதத்தில் போட்டுப் பார்த்தார். ஸ்லிப்தான் சரி. எதை முதலில் செய்வது என்று சொல்லாவிட்டால் ஹேப்பி அங்கேயே முடிக்காமல் மேலே படித்துக்கொண்டே போகும். அதனால் கடைசி எட்டிலிருந்து எட்டைக் கழித்துப் பூஜ்யமாக்கி, லீவையே விழுங்கிவிட்டது. அந்த 9 என்ற எண் சொன்னது இதைத்தான்.

கூட்டலும் கழித்தலும் இடமிருந்து என்று ஒரு 'லெஃப்ட்' வரி, அதற்குக் கீழே பெருக்கலுக்கு இன்னொன்று. கீழே இருப்பதற்கே முதல் உரிமை. மறுபடி ஓட்டினார். கான்ஃப்ளிக்ட் ஒன்றுகூட இல்லை. விடை 232.

தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். அன்று அவன் போயிருந்தால் அடுத்த மாசம் வேலை இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஹேப்பி போடப் போகிற மக்களே, எர்ரர் வேற, எச்சரிக்கை வேற. ரெண்டையும் படிச்சிட்டு அப்புறம் சண்டைக்குப் போங்க!