ஊரை விட்டவர்களா?

மாங்கெரெ, ஆக்லாந்து, நியூசிலாந்து

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. "உலகம் பூராவும் கிராமத்து ஆள் பட்டணத்துக்குத்தான் போகிறான். உங்கள் ஊர் மாவோரிகளும் ஊரை விட்டுவிட்டுப் போனார்கள், அதில் என்ன புதுக்கதை?" என்று கேட்டிருக்கிறீர்கள். காலமெல்லாம் சரித்திரம் நடத்திய வாத்தியாரோடு வாதாடத் தயக்கம்தான். ஆனாலும் இதை விட மனசில்லை.

முதலில் வேகத்தைப் பாருங்கள். 1945இல் இந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளில் நூற்றுக்கு 26 பேர்தான் நகரங்களில் இருந்தார்கள். 1966இல் 62 பேர். 1986இல் ஏறக்குறைய 80. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆள் போதாமல் தொழிற்சாலைகளுக்குக் கூப்பிட்டார்கள். போர் முடிந்தும் இறைச்சிக் கூடம், துறைமுகம், ரயில்வே என்று எங்கும் கூலிக்கு ஆள் தேவைப்பட்டது. போனவர்கள் தம்பி தங்கைகளையும் வரவழைத்துக்கொண்டார்கள்.

ஊரில் நிலம் இல்லையா என்பீர்கள். முடிச்சே அங்கேதான் இருக்கிறது. பெரும்பகுதி நிலம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பறிமுதலாகவும் விற்பனையாகவும் கைமாறிவிட்டது. மிச்சத்தை நில நீதிமன்றம் பார்த்துக்கொண்டது. 1865இல் அமைந்த அந்த நீதிமன்றம், குலத்துக்கே பொதுவாக இருந்த மண்ணைத் தனித்தனி ஆட்களின் பேரில் எழுதியது. தாத்தாவின் பங்கு பிள்ளைகளுக்கு, அதிலிருந்து பேரன் பேத்திகளுக்கு என்று பிரிந்து பிரிந்து, ஒரே துண்டுக்கு நூற்றுக்கணக்கில் பங்காளிகள். யாருடைய கையெழுத்தை நம்பி வங்கி கடன் கொடுக்கும்? போதாக்குறைக்கு 1953இல் வந்த திட்டமிடல் சட்டம், கிராமத்து நிலத்தில் வீடு கட்டுவதையே கடினமாக்கியது. அதே நேரத்தில் மாவோரி மக்கள்தொகை மளமளவென்று கூடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் வேறு எங்கே போவார்கள்?

மாவோரி விவகாரங்களைப் பற்றி 1961இல் வெளியான ஹன் அறிக்கைக்குப் பிறகு அரசாங்கமே முன்னின்று குடும்பங்களை நகரத்துக்கு நகர்த்தியது. வேலை, வீடு இரண்டுக்கும் ஏற்பாடு உண்டு. ஆனால் வீட்டை எங்கே கொடுத்தார்கள்? மிளகுப்பொடி தூவியதுபோல், வெள்ளைக்காரர் தெருக்களில் அங்கொன்று இங்கொன்றாக. ஒன்றாய் இருந்தால் ஒன்றாய்ப் பேசுவார்கள், தனித்தனியே வைத்தால் கலந்து கரைந்துவிடுவார்கள் என்ற கணக்கு. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். பள்ளிக்கூடம் ஏற்கெனவே மாவோரி மொழியைத் துரத்தியிருந்தது. நகரத்தில் எதிர்வீட்டிலும் பேச ஆளில்லை என்றானதும், பெற்றோர் பலர் பிள்ளைகளிடம் ஆங்கிலத்திலேயே பேசினார்கள். மழலையர்க்கான மாவோரி மொழிக்கூடங்கள் 1982இல்தான் தொடங்கின.

நீங்கள் வாத்தியார் என்பதால் இதையும் சொல்கிறேன். 1964இல் கல்வித் துறை ஒரு பள்ளிப் புத்தகம் போட்டது. கிராமத்து மாவோரி வீடு ஒன்றின் ஒரு நாளைக் காட்டும் ஆன்ஸ் வெஸ்ட்ராவின் புகைப்படங்கள். ஒன்பது பிள்ளைகள், பழைய வீடு, சிரித்த முகங்கள். மாவோரிப் பெண்கள் நல மன்றம் எதிர்த்தது. இப்படி ஒரு வீட்டைப் பார்த்தால் நாங்கள் எல்லாரும் இப்படித்தான் என்று நினைக்க மாட்டார்களா என்று கேட்டது. அரசு புத்தகத்தைத் திரும்பப் பெற்று அழித்துவிட்டது. படங்கள் அழகு, நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நகரத்தில் வாடகை வீடு கேட்டு அலைந்து, தோலைப் பார்த்துக் கதவடைக்கப்பட்ட பெண்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்த மன்றத்தின் முதல் தலைவி ஃபினா கூப்பர்தான், 1975இல் எண்பதை நெருங்கும் வயதில், வடகோடியிலிருந்து வெலிங்டன் வரை மாவோரி நில உரிமைக்கான நடைப்பயணத்துக்குத் தலைமை தாங்கினார்.

போனவர்கள் ஊரை மறக்கவும் இல்லை. என்னோடு வேலை பார்க்கும் பெண்ணின் அப்பா, சிறுவனாக ஹோகியாங்காவிலிருந்து ஆக்லாந்துக்கு வந்தவர். ஆயுசு முழுக்க ரயில்வேயில் உழைத்தார். போன வருஷம் இறந்தபோது உடலை ஊருக்கே கொண்டுபோனார்கள். குலத்தின் பொதுமன்றமான மராயில் வைத்து அழுது, பாடி, பேசி, முன்னோர்கள் பக்கத்தில் புதைத்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு. உள்ளூர்க்காரர்கள் அவரை வந்துபோன விருந்தாளியாக நடத்தவில்லை, தங்கள் ஆளாகவே பேசினார்கள்.

வந்தவர்கள் நகரத்திலும் சும்மா இருக்கவில்லை. எங்கள் மாங்கெரெயிலேயே தே புயா மராயை 1965இல் திறந்தார்கள். வேறு வேறு குலத்தார் ஒன்றுகூட ஓர் இடம் வேண்டியிருந்தது. 1980களில் ஆலைகள் மூடி வேலை போனதும், ஊருக்கே திரும்பியவர்களும் உண்டு.

ஆகையால், "ஊரை விட்டுவிட்டுப் போனார்கள்" என்று நீங்கள் எழுதியதை என்னால் ஏற்க முடியாது, மாமா. ஊரில் பிழைக்க வழியில்லாமல் செய்தார்கள், அதனால் போனார்கள். உங்கள் ஊர் வாசகசாலையில் இதைப் பற்றிப் பேசும்போது அப்படியே சொல்லுங்கள்.

அன்புடன்,
தங்கள் மருமகள்