படம் இருந்தது, சத்தம் இல்லை

1993ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், கப்பலில் வேலைபார்த்த மாமா ஹாங்காங்கிலிருந்து ஒரு வீடியோ கேம் பெட்டி கொண்டுவந்தார். நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் எண்ணற்ற நகல்களுள் ஒன்று. தொலைக்காட்சியில் ஆன்டெனா வயரைக் கழற்றிவிட்டு அதன் வயரைச் செருகினோம். படம் தெளிவாக வந்தது. ஒலிக்குப் பதில் இரைச்சல்தான் வந்தது. 'சூப்பர் மாரியோ'வில் நேரம் 100க்குக் குறைந்தால் இசை விரைவுபெற்று எச்சரிக்கும். எங்கள் மாரியோ அது கேளாமலே செத்துக்கொண்டிருந்தான்.

பெட்டியை முதலில் பிரித்தவன் என் தம்பி, ஒன்பது வயது. "எங்கல போட்டு ஒடச்ச?" என்றார் அப்பா. "அவந்தான் கீழ போட்டான்" என்றேன் நான். அவன் போட்டதை நான் பார்த்திருக்கவில்லை. அன்று புளியவிளார் ஒடிந்தது.

மறுவாரம் நாகர்கோவில் வடசேரியில் ஒரு ரேடியோ மெக்கானிக்கிடம் போனோம். அவர் கேட்டது ஒன்றுதான்: "படம் நல்லா இருக்கா?" இருக்கிறது என்றோம். "அப்பம் ஒண்ணும் ஒடயல்ல. சத்தமும் வருகு. இந்த டி.வி.க்கு அதப் பிடிக்கத் தெரியல்ல."

அன்று நம் நாட்டுத் தொலைக்காட்சிகளில் படத்தைச் சுமக்கும் அலைக்கும் ஒலியைச் சுமக்கும் அலைக்கும் இடைவெளி 5.5 மெகாஹெர்ட்ஸ். ஹாங்காங்கில் அது 6. சீனாவில் 6.5. பெட்டிக்குள் இருந்த சிறிய தகரக்கூட்டைத் திறந்து, ஒரு கம்பிச்சுருளின் நடுவிலிருந்த கருந்திருகை மெல்லத் திருப்பினார். இரும்புத் திருப்புளி பட்டால் அளவு மாறிவிடும் என்று பிளாஸ்டிக் திருப்புளியைக் கையாண்டார். இரைச்சல் கரைந்து இசை எழுந்தது. அப்பா சிரித்தார். தம்பியிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சென்ற மாதம் என் மகன் தன் விளையாட்டுப் பெட்டியை உள்ளறையின் பழைய தொலைக்காட்சிக்கு மாற்றினான். படம் உண்டு, சத்தம் இல்லை. "தங்கச்சிதான் வயர இழுத்தா" என்றான். என் குரல் உயர்ந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றேன்.

கேபிளைக் கழற்றி மாட்டினேன், பயனில்லை. பெட்டியின் அமைப்புகளில் ஒலி வடிவம் பிட்ஸ்ட்ரீம் என்றிருந்தது. வரவேற்பறையின் ஒலிபெருக்கிக்காக வைத்த அமைப்பு அது. சுருக்கிக் கட்டி அனுப்பும் அந்த ஒலியை அவிழ்க்கப் பழைய தொலைக்காட்சிக்கு வகையில்லை. லீனியர் பி.சி.எம். என மாற்றியதும் சத்தம் வந்தது. இம்முறையும் எதுவும் உடைந்திருக்கவில்லை.

மகனை அழைத்து, "அவ இழுத்தத நீ பாத்தியா?" என்று கேட்டேன். தலைகுனிந்தான். மகளிடம் மன்னிப்புக் கேட்டோம், இருவரும்.

அன்றிரவு தோஹாவிலிருக்கும் தம்பியைத் தொலைபேசியில் அழைத்து இதைச் சொன்னேன். பெட்டியைப் பற்றி நிறைய சிரித்தான். பிறகு, "அண்ணே, அன்னிக்கு நீ பாக்காமத்தான சொன்ன?" என்றான்.

"ஆமாடே" என்றேன். அதைச் சொல்ல எனக்கு முப்பது வருடங்களுக்குமேல் ஆகியிருக்கிறது.